சாவுக்கு முன்னே துப்பு வேண்டும்!

மரக்காணம் உப்பளத் தொழிலாளியின் கண் பாத்தியில் மட்டும் இராது, வானத்திலும் இருக்கும். மேகம் கறுத்தால் உப்பைக் கரையில் குவித்து மூடிவிடுவார். மழை கொட்டிய பிறகு ஓடி என்ன பயன்?

போலீஸ் வேலையும் அப்படித்தான்.

2023-ம் ஆண்டு மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில், கள்ளச்சாராயம் குடித்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். அதே நாட்களில் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு விழுந்தது. இரண்டு இடங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அவர்கள் குடித்தது சாராயமே அல்ல, மெத்தனால்! தொழிற்சாலைகளில் பயன்படும் விஷம் அது. பார்வைக்குச் சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் அமிலமாக மாறிக் கண்ணைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும்.

பிறகு என்ன நடந்தது? மாநிலம் முழுவதும் போலீசார் வேட்டையில் இறங்கினார்கள். சில நாட்களிலேயே ஆயிரம் பேருக்கு மேல் கைது!

இங்கேதான் யோசிக்க வேண்டும். இத்தனை பேரை இவ்வளவு சீக்கிரம் பிடித்தது எப்படி? பலருடைய பெயரும் இடமும் முன்பே தெரியாமலா பிடித்திருப்பார்கள்? தெரிந்ததை வைத்து ஒரு வாரம் முன்னதாகப் புறப்பட்டிருந்தால் பல தாலிகள் தப்பியிருக்குமே!

தகவலுக்குப் பஞ்சம் இல்லை. அது சிதறிக் கிடக்கிறது. சாராய வியாபாரியின் பெயர் பழைய வழக்குக் கட்டில் இருக்கும். மெத்தனாலுக்கு லைசென்சு உண்டு. வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்பது தொழிற்சாலைக் கணக்கில் இருக்கும். கண் மங்கி வந்த முதல் நோயாளியை ஆஸ்பத்திரி அறியும். கணவன் எங்கே குடிக்கிறான் என்பதை மனைவி அறிவாள். இந்த நாலையும் ஒன்று சேர்த்துப் பார்ப்பதே போலீசின் மூளை வேலை. கணக்கில் ஒரு பீப்பாய் குறைந்தால், அது எந்தக் குப்பத்துக்குப் போகும் என்று அன்றைக்கே தேட வேண்டும்.

இங்கிலாந்தில் கெண்ட் பகுதிப் போலீசார் 1990-களில் இந்த வழியைக் கைக்கொண்டார்கள். சிலரே திரும்பத் திரும்பத் திருடுவதைக் கண்டு, அவர்கள் மேல் கண் வைத்தார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. திருக்குறளில் ‘ஒற்றாடல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். அதுவும் முக்கியம். இல்லாவிட்டால் பகையாளி சொன்ன பொய்க்கு அப்பாவி சிறை போவான். துப்புச் சொன்ன பெண்ணின் பெயர் வெளியே வராமலும் காக்க வேண்டும். ஒருத்தி அடிபட்டால் ஊரே வாயை மூடிக்கொள்ளும்.

மரக்காணத்துக்கு அடுத்த ஆண்டே, 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இதே விஷத்துக்குப் பலியானார்கள். அதன் பிறகு ஆயுள் தண்டனை வரை விதிக்கச் சட்டம் திருத்தப்பட்டது. நல்லதுதான். ஆனால் தண்டனை, குற்றம் நடந்த பிறகு வருவது. போனவர் திரும்பமாட்டார்.

எத்தனை பேரைப் பிடித்தார் என்று மட்டும் அதிகாரியைக் கேட்கக் கூடாது. எத்தனை பீப்பாய் விஷத்தை ஊருக்குள் வராமல் தடுத்தார் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்தால்தான் போலீஸ் ஜீப், சாவுக்கு முன்னே குப்பத்துக்குள் வந்து நிற்கும்!