உங்களுக்கு வந்தால் சலுகை, எங்களுக்கு வந்தால் இலவசமா?

அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கினால் அதற்குப் பெயர் 'இலவசம்'. மருத்துவச் செலவைக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் 'சலுகை'. ஒன்றில் அரசு செலவழிக்கிறது. மற்றதில் வரவேண்டியதை விட்டுக்கொடுக்கிறது. கருவூலத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

வருமான வரிச் சட்டம் தரும் மருத்துவக் காப்பீட்டுக் கழிவையே பாருங்கள். பழைய வரி முறையில் இருப்பவர், 60 வயதைக் கடந்த பெற்றோருக்குக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுத் தொகையில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். அவர்களுக்குக் காப்பீடு இல்லையென்றால், மருத்துவச் செலவையே அந்த வரம்புக்குள் காட்டலாம்.

கணக்குப் போடுவோம். அம்மாவின் வைத்தியத்துக்கு 50,000 செலவழித்த மகன் 30 விழுக்காடு வரி கட்டுபவர் என்றால் 15,000 மிச்சம். 20 விழுக்காடு என்றால் 10,000. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லை என்றால்? ஒன்றும் இல்லை. வசதி கூடக்கூட உதவியும் கூடுகிறது.

என் அம்மா விவசாயக் கூலி. அவருடைய சர்க்கரை மாத்திரைக்கான பணம் என் ஆய்வு உதவித்தொகையிலிருந்து போகிறது. அதற்கு வருமான வரி இல்லை; எனவே கழிக்கவும் எதுவுமில்லை. ஆனால் சோப்பிலிருந்து செருப்பு வரை வாங்கும்போதெல்லாம் நாங்களும் ஜிஎஸ்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. முன்கூட்டிய உடல் பரிசோதனைக்கான 5,000 ரூபாயைத் தவிர, ரொக்கமாகக் கொடுத்தது எதுவும் கணக்கில் சேராது. வட்டிக்கு வாங்கி நோட்டுகளை எண்ணிக் கொடுக்கும் சேரியின் மருத்துவச் செலவு இந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. சட்டத்தில் சாதி என்ற சொல் கிடையாதுதான். ஆனால் நிலையான சம்பளமும் ரசீதும் கணக்குப் பார்க்க ஆடிட்டரும் தலைமுறை தலைமுறையாக யாருக்கு வாய்த்தன?

முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்கும் தோழர்களே, உங்களுக்குச் சேர வேண்டியதை விடாதீர்கள். பெற்றோரின் மருந்துக்கு யூபிஐயிலோ அட்டையிலோ கட்டுங்கள். மருத்துவர் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். புதிய வரி முறையில் இந்தச் சலுகை இல்லை. ஆகவே இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

அதோடு நிற்க வேண்டாம். "என் வரிப்பணத்தில் இலவசமா?" என்று அலுவலகத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டால், இந்தச் சலுகையில் அவர் எவ்வளவு கழித்தார் என்று கேளுங்கள். வரி கட்டாதவரின் அம்மாவுக்கும் மாத்திரை வேண்டும். அதைத் தரக்கூடியது அரசு மருத்துவமனைதான். அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்வது பிச்சையல்ல, பங்கு கேட்பது.