தாயகம் கேட்கும் தந்தை பெயர்

‘தாயகம்’ என்ற சொல்லுக்குள் தாய் இருக்கிறாள். ஆனால் தாயகம் திரும்புகிறவரிடம் அரசு கேட்கும் காகிதத்தில் அவளுக்கு இடம் இருந்ததில்லை. அப்பா பெயர் என்ன, அப்பாவின் அப்பா எங்கே பிறந்தார், கணவன் யார் என்றுதான் கேட்கப்பட்டது. ராமநாதபுரம் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் நாடற்று நிற்கிறார்கள். போரையும் கடலையும் அதற்குக் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். இந்தக் காகிதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

திரும்பி வருகிறவர்களுக்கு அரசுகள் கதவே வைக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கதவுகள் நிறையவே இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்தியராக இருந்து அமெரிக்க, கனடா, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிக்கொண்டவருக்கு ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. வாழ்நாள் விசா, எத்தனை முறையும் வந்துபோகலாம், காவல் நிலையத்தில் பதிய வேண்டாம். அவருடைய பிள்ளைக்கும் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும்கூட உண்டு. இதுவரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் கொடுத்தாகிவிட்டது. 2024-இல் மொரீஷியஸ் இந்தியர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை தருவதாகக் குடியரசுத் தலைவர் அங்கேயே போய் அறிவித்தார். இந்தியாவோடு எந்த உறவும் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது: 2016-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தின்படி 18 மாதத்தில் 10 கோடி ரூபாய் முதலீடு செய்து ஆண்டுக்கு 20 பேருக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டவர் 10 ஆண்டு வதிவிட உரிமை பெறலாம். இலங்கையும் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுத் தன் குடியுரிமையை இழந்தவர்களுக்கு நிரந்தர வதிவிட விசா வைத்திருக்கிறது.

இந்தக் கதவுகள் எல்லாவற்றிலும் ஒரே நிபந்தனை இருக்கிறது. கையில் ஏற்கெனவே ஒரு நாட்டின் பாஸ்போர்ட் வேண்டும். நாடு உள்ளவருக்குத்தான் இரண்டாவது நாடு கிடைக்கும். ஒன்றுமே இல்லாதவருக்கு மண்டபம் முகாம்.

மண்டபம் முகாமின் வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பிரிட்டிஷ் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களை அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து அனுப்புவதற்காக இலங்கை அரசு இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. புதுக்கோட்டை, திருச்சி, சேலம், ராமநாதபுரம் சீமைப் பெண்கள் அதன் வழியாகத்தான் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் போனார்கள். பின்னாளில் அவர்களின் பேத்திகள் ‘தாயகம் திரும்பியோர்’ என்ற பெயரில் வந்து இறங்கியதும் அங்கேதான். 1983-க்குப் பிறகு ‘அகதி’ என்ற பெயரில் பதிவானதும் அங்கேதான். போகும்போது கூலி, வரும்போது அகதி. இரண்டு முறையும் இந்தப் பெண்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் சுமார் 7 லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. இது தமிழருக்கு எதிரான சட்டம் என்று எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். சரிதான். ஆனால் அந்தச் சட்டம் தமிழரை வெளியே தள்ளுவதற்குக் கையில் எடுத்த கருவி எது? தந்தைவழி. ஒருவர் இலங்கையில் பிறந்தது போதாது. அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தாயும் பாட்டியும் லயத்திலேயே பிறந்து அங்கேயே செத்திருந்தாலும் கணக்கில் வராது. மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு மட்டும் சட்டம் தாயைத் தேடியது. இந்த ஆண்வழிக் கணக்கு இல்லையென்றால் இத்தனை பேரை இவ்வளவு சுலபமாக நாடற்றவராக்கியிருக்க முடியாது. இனவாதம் தன் வேலையைச் செய்வதற்கு ஆணாதிக்கம் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த ஏணி அது.

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமும் அப்படியே. மணமான ஆண் விண்ணப்பித்தால் அவன் மனைவி இலங்கையில் தொடர்ந்து வசித்தாளா என்று தோண்டினார்கள். அவள் வசிப்பில் இடைவெளி இருந்தால் குடும்பத்தின் விண்ணப்பமே விழும். குடியுரிமை கேட்டவன் அவன். அதற்குச் சாட்சியாகவும் தடையாகவும் மட்டும் அவள். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செக்ரோலில் அவள் பெயர் இருந்தது, ஏனென்றால் அவள் பறித்த கொழுந்தை நிறுக்க வேண்டும். பிரஜாவுரிமைக் காகிதத்தில் அவள் ‘மனைவி’.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவர் உலகின் முதல் பெண் பிரதமர். இதைச் சொல்லிக் காட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை: நாற்காலியில் பெண் இருப்பதால் மட்டும் மேசைமேல் இருக்கும் காகிதம் மாறாது. அண்ணனுக்கு இலங்கை, தங்கையின் கணவனுக்கு இந்தியா என்று குடும்பங்கள் பிரிந்தன. கணவனின் நாடு எதுவோ அது அவள் நாடு என்றானது. தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

ஒப்பந்தப்படி கப்பலில் வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இந்தியக் குடிமக்களாக இறங்கி, நீலகிரியின் டான்டீ தோட்டங்களுக்கும் நூற்பாலைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வாழ்க்கை ஒன்றும் சிறக்கவில்லை. ஆனால் ஒரு நாடு இருந்தது. 1982-இல் ஒப்பந்தக் காலம் முடிந்தது என்றது இந்தியா. 1984-இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. இந்தியாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள் பல்லாயிரம் பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மன்னாருக்கும் போனவர்கள் பிறகு போரில் மாட்டி, படகேறி இந்தக் கரைக்கு வந்தார்கள். ஒரே தோட்டம், ஒரே லயம், ஒரே பாட்டி. கப்பலில் வந்தவள் தாயகம் திரும்பியவள். படகில் வந்தவள் அகதி. அங்கே இவர்களைக் ‘கள்ளத்தோணி’ என்றார்கள். இங்கே சட்டத்தின் மொழியில் ‘சட்டவிரோதக் குடியேறி’. இரண்டும் ஒரே வசவுதான்.

தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேர் இருப்பதாக 2021-இல் மாநில அரசு சொன்னது. அந்த ஆண்டு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது. உதவித்தொகையும் கூடியது: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைக்கு 500. பெயர் மாற்றத்தை வரவேற்கலாம். ஆனால் ஒரே அறையில் இருக்கும் இரண்டு பெரியவர்களில் ஒருவர் ‘தலைவர்’, அவருக்கு 500 ரூபாய் கூடுதல் என்பது எந்த நியாயத்தில்? செக்கிங் நாளில் கூலிவேலையை விட்டுவிட்டு ஓடிவந்து வரிசையில் நிற்பதில் தலைவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசமில்லை.

இனி இந்தியச் சட்டத்துக்கு வருவோம். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிக் குடியுரிமை தருவதற்கு 1992 வரை இந்தியா தந்தையை மட்டுமே பார்த்தது. இலங்கையில் தாய்வழிக் குடியுரிமை 2003-இல்தான் வந்தது. இந்தத் திருத்தங்கள் வருவதற்குள் முகாமில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது. இந்தியாவில் பிறப்பதாலேயே குடிமகளாகும் உரிமை 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களோடு முடிந்தது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தியப் பாஸ்போர்ட் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் வழக்கில் வென்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஊடகங்கள் கொண்டாடின. நானும் மகிழ்ந்தேன். ஆனால் ஒன்றரை ஆண்டு தாமதமாகப் பிறந்திருந்தால் அதே முகாமில், அதே தாய்க்குப் பிறந்த அவருக்கு இந்த வழி இல்லை. நாட்டுரிமையைப் பேறுகால நாட்காட்டி தீர்மானிக்கிறது.

2004 டிசம்பர் 3-க்குப் பிறகு இன்னும் மோசம். பெற்றோரில் ஒருவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்றால், மற்றவர் இந்தியராக இருந்தாலும் குழந்தை பிறப்பால் இந்தியர் ஆகாது. முகாம் பெண் ராமநாதபுரத்துப் பையனைக் கட்டிக்கொண்டால் அவள் வயிற்றுப் பிள்ளைக்கு அவளே தடை. இத்தனை காலம் தாயைக் கண்ணிலேயே படாதவளாக வைத்திருந்த சட்டம், பிள்ளையின் உரிமையைப் பறிப்பதற்கு மட்டும் அவளைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கிறது.

இது முகாம் பெண்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்கும் தோழிகள் ஓ.சி.ஐ. விதியையும் படிக்க வேண்டும். இந்தியரின் வெளிநாட்டு மனைவியாக அட்டை வாங்கியவள் மணவிலக்குப் பெற்றால் அட்டையை ரத்து செய்யலாம் என்று 2015-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. அடிக்கும் கணவனை விட்டு வெளியேறினால் வசிக்கும் உரிமையும் போகும். எந்தப் பெண் வெளியேறுவாள்? வதிவிட உரிமையைத் தாலியில் முடிந்து வைக்கும் அரசு, அதன் மறுமுனையைக் கணவன் கையில் கொடுத்துவிடுகிறது.

எதிர்வாதங்கள் இருக்கின்றன. முதலாவது: ‘இலங்கை இப்போது குடியுரிமை தருகிறதே, போகட்டுமே.’ 1988, 2003, 2009 சட்டங்களில் இலங்கை தன் தவறைச் சிறிது சிறிதாகத் திருத்தியது உண்மை. போக விரும்புகிறவர்கள் கௌரவமாகப் போக வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் 2025 மே மாதம் ஐ.நா. அகதிகள் அமைப்பின் வழியாகத் திரும்பிய ஒரு முதியவரை, அன்று பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்காக விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். குண்டுக்குப் பயந்து ஓடுகிறவள் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றிருக்க வேண்டுமா? போய் எங்கே இருப்பாள்? அரசு கொடுத்த குடியேற்றக் காணியின் வாரிசு வரிசையில் ஆணுக்கு முன்னுரிமை தந்த விதியை 2022-இல்தான் திருத்தினார்கள். கணவனை இழந்து, நாற்பது ஆண்டு மண்டபத்திலோ கொட்டப்பட்டிலோ வாழ்ந்தவளிடம் ‘உன் ஊருக்குப் போ’ என்றால், எது அவள் ஊர்?

இரண்டாவது வாதம் நம் தமிழ் மேடைகளிலிருந்து வருகிறது: ‘இங்கே குடியுரிமை கொடுத்தால் ஈழக் கோரிக்கை பலவீனமாகும்.’ முகாமில் குளியலறைக்கு வரிசையில் நிற்காதவர்களின் வாதம் இது. ஒரு பெண் தன் வாழ்நாள் முழுக்க அடையாள அட்டை இல்லாமல் இருந்து உங்கள் கோரிக்கைக்கு வலு சேர்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ‘இவர்களும் இந்துக்கள்தானே, 2019 திருத்தச் சட்டத்தில் சேர்த்துவிடலாம்’ என்ற சலுகைக் குரல். அந்தச் சட்டம் இலங்கையை விட்டுவிட்டது அநியாயம். ஆனால் மதத்தைக் காட்டி உள்ளே போவது மன்னாரிலிருந்து வந்த முஸ்லிம் பெண்ணை வாசலில் விட்டுவிட்டுப் போவது. அந்தக் கதவு நமக்கு வேண்டாம்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு விலக்கு ஆணை கொண்டுவந்தது: 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனை இனி இல்லை. சிறையில் போட மாட்டோம் என்பது நல்ல செய்திதான். ஆனால் தண்டிக்காமல் விடுவதும் உரிமை கொடுப்பதும் ஒன்றாகாது. 2022 மார்ச்சில் பொருளாதாரம் சரிந்தபோது கைக்குழந்தைகளோடு வந்து அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்ட பெண்களுக்கு இந்த ஆணையும் இல்லை. பசி தேதி பார்த்து வருவதில்லை.

நாம் கேட்க வேண்டியது தெளிவாக இருக்கட்டும். முகாம்களில் இருப்பவர்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை வேண்டும். இந்திய வம்சாவளியினருக்கு அவர்கள் விரும்பினால் குடியுரிமை வேண்டும். 2019 ஜூனில் மதுரைக் கிளை 65 பேரின் வழக்கில் அவர்களின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. அதை எல்லோருக்கும் விரிக்க வேண்டும். இலங்கைக்குத் திரும்ப நினைப்பவர்களைக் கைதும் வழக்கும் காத்திருக்கக் கூடாது. இவையெல்லாம் ஏற்கெனவே கேட்கப்படுபவைதான். பெண்கள் நாம் இதில் சேர்க்க வேண்டியது ஒன்று: காகிதம் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வேண்டும். குடும்பத் தலைவர் வழியாக வேண்டாம். கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அது செல்ல வேண்டும். வம்சாவளியைத் தாய்வழியில் நிரூபித்தாலும் ஏற்க வேண்டும்.

மலையகப் பெண்களுக்குப் பத்திரம் இருக்காது. ஆனால் பாட்டி எந்த ஊரிலிருந்து போனாள், எந்தக் குலசாமிக்கு நேர்ந்துகொண்டாள், எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் அம்மாவைப் பெற்றாள் என்று வரிசையாகச் சொல்வார்கள். தோட்டத்து செக்ரோலும் மண்டபத்துப் பதிவேடும் அதற்குச் சாட்சி சொல்லும். அடுத்த முறை முகாமுக்கு விண்ணப்பப் படிவம் வரும்போது அதன் முதல் கேள்வி ‘உங்கள் அம்மா பெயர் என்ன?’ என்று இருக்கட்டும்.