அஞ்சு சப்பாத்தியும் சோறுதான்

எழுமலையில் என் அத்தை வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குத் தோசைக்கல் ஏறிவிடும். சுகர் வந்த நாளிலிருந்து, நாலு வருஷமாக, அவர் சோற்றைத் தொடுவதில்லை. தட்டில் நாலு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா. "இது நல்லதுதானய்யா" என்று அஞ்சாவதும் விழும். போன மாதம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து அவர் விரலில் குத்திப் பார்த்தேன். 286. "சோத்தையே தொடலையே, எப்பிடிய்யா ஏறும்?" என்றார். கண் கலங்கியிருந்தது.

அரிசிதான் விஷம், கோதுமையும் கேப்பையும் மருந்து என்று ஊரே நம்புகிறது. இந்த நம்பிக்கையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். சப்பாத்திக்கு 30 கிராம் மாவு என்று வையுங்கள். அஞ்சுக்கு 150 கிராம். அதில் ஏறக்குறைய 100 கிராம் மாவுச்சத்து. தட்டு நிறையச் சோறு தின்றாலும் அதே கணக்குத்தான். 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேப்பையில் 67. நார்ச்சத்தும் கால்சியமும் கேப்பையில் கூடுதல், மறுக்கவில்லை. அதற்காக உருண்டை உருண்டையாகக் களி தின்னலாமா?

"அந்தக் காலத்தில் களி தின்றவனுக்குச் சுகரா வந்தது?" என்பார்கள். அந்தத் தாத்தா விடியுமுன் கவலை இறைத்தார், பொழுது சாயும்வரை கரிசலில் உழுதார். அவர் தின்றது திருகையில் கொரகொரப்பாகத் திரித்த மாவு. இன்று மில்லில் பவுடராக அரைக்கிறோம். மாவு எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகச் செரித்து ரத்தத்தில் சேரும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகம். நம் பேரையூர்ப் பக்கத்துக் குதிரைவாலியே தவிடு போக வெள்ளையாகத் தீட்டப்பட்டுத்தான் கடைக்கு வருகிறது. பாக்கெட்டில் "சுகருக்கு ஏற்றது" என்று அச்சடித்து விற்கிறார்கள்; எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒரு வரி கிடையாது. எனக்கு ஆத்திரம் அங்கேதான். கருப்பட்டிக் காப்பியும் இப்படித்தான்; அதுவும் சர்க்கரையே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை ஆய்வாளர்களோடு நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வந்தது. அதன்படி தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் நூற்றுக்கு 14.4 பேருக்குச் சர்க்கரை நோய். அதே ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் வெளியானது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றியதால் மட்டும் நோய் வரும் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் புரதம் வைத்தால் குறைகிறது.

பயறுக்கு நமக்கா பஞ்சம்? மொச்சை, தட்டாம்பயறு, அவரை எல்லாம் இருக்கின்றன. வெஞ்சனம் என்று ஓரத்தில் ஒரு சிட்டிகை வைக்கிறோமே, அது தட்டில் பாதியை அடைக்க வேண்டும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சோற்றைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

நேற்று அத்தை தட்டில் நாலு வருஷத்துக்குப் பிறகு ஒரு கரண்டி சோறு விழுந்தது. பக்கத்தில் அதைவிடப் பெரிய குவியலாக அவரைக்காய்ப் பொரியல், ஒரு கிண்ணம் மொச்சைக் குழம்பு. கை சோற்றுக்குத்தான் முதலில் போனது. "பொரியல்ல ஆரம்பிங்க அத்தை" என்றேன். கையைத் திருப்பிக்கொண்டார்.