டாக்டர் ஆக 11½ வருஷம். குழந்தைக்கு இருப்பதோ சில நாள்: பசுவந்தனைக்கு இதய மருத்துவம் எப்படி வந்து சேரும்?

பிறக்கும் 1,000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு இதயத்தில் ஏதாவது பிறவிக் குறைபாடு இருக்கும். பலருக்கு அவசரம் இல்லை. ஆனால், சிலருக்கு முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும். கோவில்பட்டி பக்கம், பசுவந்தனை மாதிரி கரிசல் கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

குழந்தைகள் இதய மருத்துவர் என்ன செய்வார்?

எக்கோ பார்த்துக் குறையைக் கண்டுபிடிப்பார். சில ஓட்டைகளை, நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்தி அடைப்பார். ஆபரேஷன் தேவை என்றால் அதைச் செய்பவர் இதய அறுவை சிகிச்சை நிபுணர். இருவரும் வேறு வேறு.

எத்தனை வருஷப் படிப்பு?

எம்.பி.பி.எஸ். 5½ வருஷம், குழந்தைகள் நல எம்.டி. 3, அதற்கு மேல் டி.எம். 3. மூன்று முறை நீட். ஒரு வருஷம்கூட வீணாகாமல் படித்தாலே 30 வயதை நெருங்கிவிடும். டி.எம். இடங்களும் குறைவு. படித்து முடித்தவர் தனியாக ஒரு சின்ன ஊரில் உட்கார்ந்தாலும் பெரிதாகப் பயனில்லை. கேத் லேப், பச்சிளம் குழந்தை ஐ.சி.யூ., சர்ஜன், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் என முழு டீம் வேணும். அதனால்தான் இவர்கள் பெருநகரங்களிலேயே இருக்கிறார்கள்.

இந்தத் துறையே டீம் வேலையில் பிறந்ததுதான். காது கேட்கும் திறனை இழந்து, குழந்தைகளின் இதயத் துடிப்பை உள்ளங்கையால் உணர்ந்த அமெரிக்க டாக்டர் ஹெலன் டவுசிக் யோசனை சொன்னார். ஆய்வகத்தில் அதைச் செய்து பார்த்தவர், மருத்துவப் பட்டம் இல்லாத விவியன் தாமஸ். 1944 நவம்பர் 29-ல் ஆல்ஃபிரட் பிளேலாக் ஆபரேஷன் செய்தார்.

பிறந்தபோது நல்லாத்தானே இருந்தது?

கருவில் திறந்திருக்கும் ஒரு ரத்தக்குழாய், பிறந்த சில நாளில் மூடிக்கொள்ளும். சில குறைபாடுகளில் குழந்தையின் உயிரே அந்தக் குழாயை நம்பி இருக்கும். வீட்டுக்குப் போன பிறகு அது மூடினால் நிலைமை சட்டென மோசமாகும். முன்பே தெரிந்தால், புரோஸ்டாகிளாண்டின் மருந்து கொடுத்துக் குழாயைத் திறந்தே வைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்.

அப்போ பசுவந்தனையில் என்ன செய்யலாம்?

இதற்கு டி.எம். படித்தவர் வேண்டாம், ஒரு நர்ஸ் போதும். பிறந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வலது கையிலும் ஒரு காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்க்கணும். அளவு 90-க்குக் கீழே போனால் உடனே அனுப்ப வேண்டும். எல்லாக் குறைகளும் இதில் சிக்காது. ஆபத்தானவற்றில் பல சிக்கும்.

செலவு?

முதலமைச்சர் காப்பீட்டில் தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆனால், தீப்பெட்டி ஆபீசுக்கும் காட்டு வேலைக்கும் போகாத நாள்களின் கூலியை யாரும் தருவதில்லை. தொடர் பரிசோதனைகள் பாதியில் நிற்பது இந்த இடத்தில்தான்.

வழி இருக்கா?

கேரளா 2017-ல் 'ஹிருதயம்' திட்டத்தைத் தொடங்கியது. குழந்தையின் விவரத்தை ஆன்லைனில் பதிந்தால், அவசரத்தைப் பொறுத்து ஆஸ்பத்திரி ஒதுக்கப்படும். டாக்டர் ஊருக்கு வரவில்லை. தகவல் டாக்டரிடம் போனது.

டிஸ்சார்ஜுக்கு முன் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கை, கால் ரெண்டுலயும் ஆக்சிஜன் பார்த்தாச்சா?" பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, எடை ஏறாவிட்டாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். உதடும் நாக்கும் நீலமானால் உடனே 108.