பல் பிடுங்கிய பின் வாயைப் பேணும் வகை

பல்வலியால் ஒருவர் படும் பாட்டை, அதனை அனுபவித்தவரே அறிவர். இரவு முழுவதும் கன்னத்தில் கை வைத்து விழித்திருந்தவர், விடிந்ததும் புத்தளத்திலோ சிலாபத்திலோ உள்ள அரசினர் வைத்தியசாலைக்குச் சென்று பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்புகிறார். அத்துடன் தொல்லை ஒழிந்தது என்று எண்ணி, அன்று மாலையே வெற்றிலைத் தட்டத்தை நாடுபவரும், பீடியைப் பற்றவைப்பவரும் நம்மிடையே உளர். மூன்றாம் நாள், முன்னையதினும் கொடிய வலி அவரை மீண்டும் வைத்தியசாலைக்கு விரட்டுகிறது. பல்லைப் பிடுங்குவது வைத்தியரின் கடமை. பிடுங்கிய புண்ணைப் பேணுவது நம்முடைய கடமை. இந்தப் பிற்பகுதியைப் பற்றியே இவ்வாரம் கூறப்புகுகின்றோம்.

பல் பிடுங்கும் வலியை மனிதன் வென்று இன்னும் இருநூறு ஆண்டுகள் நிறையவில்லை. 1844 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியராகிய ஹொரேஸ் வெல்ஸ் என்பார், நைட்ரஸ் ஒக்சைட் என்னும் வாயுவை முகர்ந்தபின் தமது பல்லையே பிடுங்கச் செய்து, வலி தோன்றாமையைக் கண்டார். இன்று ஊசி வழியாக முரசில் ஏற்றப்படும் லிக்னோகேயின் என்னும் மரப்பு மருந்து, 1943 இல் சுவீடன் நாட்டில் லொஃப்கிரென் என்பவரால் ஆக்கப்பட்டது. இம்மருந்தின் மரப்பு சில மணி நேரம் நீடிக்கும். அதுவரை உணவு உண்ணலாகாது. சிறுவர் தம் உதட்டையும் நாவையும் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாதபடி பெற்றோர் அருகிருந்து பார்த்தல் வேண்டும்.

பல் நீங்கிய குழியில் இரத்தம் ஊறி உறைகின்றது. அவ்வுறைவே அக்குழிக்கு இயற்கை இடும் மூடி. அதன் கீழேதான் எலும்பும் நரம்பு முனைகளும் மறைந்திருக்கின்றன. அதனைப் பற்றிக்கொண்டே புதுத் தசை வளர்கின்றது. ஆகவே அவ்வுறைவைக் கலைக்கும் எச்செயலையும் முதல் இருபத்துநான்கு மணி நேரம் விலக்குதல் வேண்டும். வைத்தியர் வைத்த பஞ்சுத்துணியை அரை மணி நேரம் இறுகக் கடித்திருக்க வேண்டும். குருதி நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்ப்பது தவறு. வாய் கொப்பளித்தல், காறித் துப்புதல், குழலால் இளநீர் உறிஞ்சுதல், நாவாலும் விரலாலும் குழியைத் துழாவுதல் ஆகியன ஆகா. புகையும் வெற்றிலையும் கள்ளும் சாராயமும் அறவே கூடா. உறங்கும்போது தலையணையைச் சற்று உயர்த்திக்கொள்க.

எச்சிலில் சிறிது செந்நிறம் கலந்திருப்பது முதல்நாள் இயல்பே. குருதி பெருகுமாயின், சுத்தமான துணியைக் கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து மடித்துக் குழியின்மேல் வைத்து, அரை மணி நேரம் கடித்திருத்தல் வேண்டும். அதற்கும் அடங்காவிடில் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க. கரைவலை இழுப்போரும் உப்பளத்தில் மூடை சுமப்போரும் அன்றும் மறுநாளும் வேலையினின்று ஓய்தல் நன்று. பளு தூக்கினால் நின்ற குருதி மீண்டும் கசியும். கற்பிட்டிக்கு அப்பால் பத்தலங்குண்டு முதலிய தீவுகளில் வாடியமைத்துத் தொழில் புரிவோர், அன்றிரவேனும் கரையிலுள்ள உறவினர் வீட்டில் தங்குவாராக. நள்ளிரவில் குருதி பெருகினால் கடலைக் கடந்து வைத்தியரை அடைதல் எளிதன்று.

மறுநாள் தொடங்கி உப்புநீர் கொப்பளிக்கலாம். உப்பு விளையும் புத்தளத்தாருக்கு இம்மருந்து கைக்கெட்டிய பொருளாகும். கொதிக்கவைத்து இளஞ்சூடாக ஆறிய ஒரு கோப்பை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். நம் உடலின் நீரில் நூற்றுக்கு 0.9 பங்கு அளவில் உப்பிருக்கின்றது. அரைத் தேக்கரண்டி அதற்கு அண்மையான அளவாதலின் புண்ணை உறுத்தாது. கடல்நீரிலோ நூற்றுக்கு 3.5 பங்கு உப்புண்டு. களப்பின் நீர் கோடையில் அதனினும் கரிக்கும், தூய்மையும் அற்றது. அவற்றை வாயில் விடற்க. உப்புக் கல்லைப் புண்ணில் அழுத்துதலும், புகையிலைத் துண்டை அடக்குதலும் கேடு தரும். உணவுக்குப் பின்னர், நாளொன்றுக்கு நான்கைந்து முறை, ஒரு வாரம் வரை, நீரை வாய்க்குள் மெல்ல அசைத்து வழியவிடுதலே முறை. மற்றைப் பற்களை மறுநாள் முதல் வழக்கம்போல் துலக்கலாம். புண்ணை மட்டும் தொடற்க.

உணவு ஆறியதாகவும் மென்மையாகவும் இருத்தல் வேண்டும். கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம், குழைந்த பருப்புச்சோறு ஆகியன ஏற்றவை. பிட்டு உதிர்ந்து குழியில் அடையும், கருவாட்டு முள் குத்தும், மிளகாய்க்காரம் எரிக்கும். கொதிக்கும் தேநீரையும் முதல்நாள் தவிர்க்க.

வலிக்கு வைத்தியர் கூறிய அளவில் பரசிற்றமோல் கொள்ளலாம். அஸ்பிரின் குருதி உறைதலைத் தடுப்பது. அதனை முரசில் வைத்து அடக்குவோர்க்கு முரசு வெந்துபோகும். எனினும் இருதய நோய்க்காக அஸ்பிரின் முதலிய மருந்துகளை வைத்தியர் பணிப்பின்படி உட்கொள்வோர், தாமாகவே அவற்றை நிறுத்தலாகாது. அதனையும், நீரிழிவு இருப்பின் அதனையும், பல் பிடுங்குமுன்பே தெரிவித்தல் வேண்டும்.

நாள் செல்லச் செல்ல வலி குறைவதே இயல்பு. மாறாக, இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் வலி மிகுந்து, செவிவரை பரவி, வாயில் துர்நாற்றமும் தோன்றினால், உறைவு நீங்கி எலும்பு வெளிப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாம். உலர்குழி எனப்படும் இந்நிலை, பல் பிடுங்குவோரில் நூற்றுக்கு இருவர் முதல் ஐவர் வரை காண்பது. கீழ்வாயின் ஞானப்பல் பிடுங்கியோர்க்கும் புகைபிடிப்போர்க்கும் இன்னும் மிகுதி. கராம்பெண்ணெயை நம்பி நாட்களைக் கடத்தாது வைத்தியரை அடைந்தால், அவர் குழியைக் கழுவி மருந்திட்டு வலியைத் தணிப்பார். காய்ச்சல், பெருகும் வீக்கம், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ முடியாமை என்பன தோன்றின், அது உயிருக்கே இடையூறாகலாம். ஒரு மணி நேரமும் தாழ்த்தலாகாது.

ஒரு வாரம் வெற்றிலையைத் துறந்தவர், அதனை மீண்டும் தொடாதிருக்கவும் இஃதொரு நல்வாய்ப்பு. புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய் விளைப்பதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் உரைத்துள்ளது. ஆறவேண்டிய காலத்தில் ஆறாது நிற்கும் வாய்ப்புண்ணை வைத்தியரிடம் காட்டுதல் இதனால் மிகவும் அவசியமாகின்றது.

நிறைவாக ஒன்று. வலியுற்றவர் காதில் வைத்தியரின் சொல் முழுதும் ஏறாது. ஆதலின் பல் பிடுங்கச் செல்பவருடன் வீட்டார் ஒருவர் சென்று, கூறுவனவற்றைக் கேட்டு எழுதி வருவாராக. படிக்கும் பிள்ளைகள் இப்பணியை ஏற்றுக்கொண்டால், தாத்தாவும் பாட்டியும் அவர்கள் சொல்லைத் தட்டமாட்டார்கள்.