கறுத்த எண்ணெயும் ஓர் அமானிதமே



பிறர் கையை எதிர்பாராது இல்லத்தில் நாமே செய்துகொள்ளத்தக்க பணிகளை இப்பகுதியில் எழுதி வருகிறோம். இம்மாதம் டீசல் காரின் எஞ்சின் ஆயிலையும் அதன் ஃபில்டரையும் மாற்றும் முறையைக் காண்போம். இதனை எழுதத் தூண்டியது சென்ற விடுமுறையில் எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த என் மருமகன், வீட்டிலுள்ள டீசல் காருக்குத் தானே ஆயில் மாற்றப் போவதாகக் கூறினான். அஸர் தொழுதுவிட்டு நான் அங்கே சென்றபோது, அவனுடைய கால்கள் இரண்டும் காரின் அடியிலிருந்து நீண்டிருந்தன. காரைத் தாங்கி நின்றது, வழியில் சக்கரம் பஞ்சரானால் தூக்குவதற்கென வண்டியோடு கொடுத்த சிறு ஜாக்கி ஒன்றே! வாசற்படியில் நின்ற என் ராத்தா, என்ன சொல்வதென்று அறியாமல் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, முதலில் வெளியே வா" என்றேன்.

"ஒரே ஒரு திருகுதான் மாமா, ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்" என்றான்.

"அந்த ஐந்து நிமிடத்துக்கு அந்த ஜாக்கி பொறுப்பேற்குமா? வெளியே வா வாப்பா."

வந்துவிட்டான், அல்ஹம்து லில்லாஹ். ஒட்டகத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்பிக்கப்பட்டவர்கள் நாம். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டுமே உரிய கருவி. தூக்கிய காரைத் தாங்குவதற்கு ஜாக்கி ஸ்டாண்டு என்னும் இரும்புத் தாங்கிகள் இரண்டு வேண்டும். அல்லது முன்சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் உறுதியான சாய்மேடை வேண்டும். இவையில்லாத வீட்டில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் திடீரென நொறுங்கக்கூடியவை. அவற்றை நம்பி ஒருபோதும் காரின் அடியில் படுக்கலாகாது.

இனி, ஆயிலை ஏன் மாற்றுகிறோம் என்பதைப் பார்ப்போம். ரூடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897 ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினின் வழிவந்ததே நம் வீட்டு டீசல் எஞ்சின். பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் எஞ்சினிலோ காற்றைக் கடுமையாக அழுத்துவதால் உண்டாகும் வெப்பமே பற்ற வைக்கிறது. அவ்வாறு எரியும்போது உண்டாகும் கரித்துகளில் ஒரு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் வந்து கலக்கிறது. ஆகவேதான் புதிதாக ஊற்றிய ஆயிலும் சில நாட்களிலேயே கறுத்துவிடுகிறது. கறுத்ததனால் அது கெட்டுவிட்டது என்று பொருளல்ல. கரியைப் படியவிடாமல் தன்னுள் சுமந்து திரிவது அதன் கடமைகளுள் ஒன்று.

ஆனால் சுமப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆயிலில் சேர்த்துள்ள இரசாயனங்கள் நாளடைவில் தேய்ந்து, கரியும் அமிலமும் மிகுந்து, ஆயில் தடித்துவிடுகிறது. தலைமுடி போன்ற இடைவெளிகளில் ஓடி உராய்வைத் தடுக்க வேண்டியது, ஓடவியலாமல் திணறுகிறது. இதனால் முதலில் துன்புறுவது டர்போ. நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் அதன் அச்சு, மெல்லிய ஆயில் படலத்தின் மீதே மிதக்கிறது. சில நூறு ரூபாய் ஃபில்டரையும் சில லிட்டர் ஆயிலையும் மிச்சம்பிடிக்கப் போய், பல்லாயிரம் ரூபாயை இழப்பது சிக்கனமாகாது. அதுவும் ஒருவகை வீண்விரயமே.

எப்போது மாற்ற வேண்டும் என்பதைக் காருடன் தந்த கையேடு சொல்லும். நம் நாட்டு டீசல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முந்துகிறதோ அது என்று குறித்திருப்பார்கள். பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே எடுக்கப்படும் காருக்கும் அந்த ஓராண்டுக் கணக்கு உண்டு. உத்தரவாதக் காலம் முடியாத காராயின், அதன் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

எந்த ஆயில் என்பதையும் கையேட்டைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்னும் எண்கள் குளிரிலும் சூட்டிலும் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதைக் குறிப்பவை. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிக்கேற்ப விற்பனையான டீசல் கார்களில், புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். டி.பி.எஃப். என்பார்கள். அதற்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஏற்றது. வேறு ஆயிலை ஊற்றினால், எரித்தும் நீங்காத சாம்பல் படிந்து அந்த வடிகட்டியை அடைத்துவிடும்.

இப்போது வேலைக்கு வருவோம். என் மருமகனும் நானும் ஸ்டாண்டுகளை இரவல் வாங்கி வந்து, மறுநாள் காலை பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினோம்.

காரைச் சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டோம். இளஞ்சூட்டில் ஆயில் நன்றாக வடியும். கரியையும் உடன் இழுத்து வரும். கொதிக்கும் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்தோம். முன்புறத்தைத் தூக்கி, கையேடு காட்டிய இடங்களில் ஸ்டாண்டுகளை வைத்து இறக்கினோம். காரைத் தள்ளி அசைத்துப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பின்னரே அடியில் சென்றோம்.

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் கீழே தடையின்றி வடியும். வரக்கூடிய ஆயிலைவிடப் பெரிய தட்டையான பாத்திரத்தை வைத்து, சம்ப் எனப்படும் அடித்தொட்டியின் போல்ட்டைச் சரியான அளவுள்ள ஸ்பேனரால் தளர்த்த வேண்டும். கடைசிச் சுற்றுகளைக் கையுறை அணிந்த கையால் திருகி, சட்டென விலக்கிக்கொள்ள வேண்டும். ஆயில் முதலில் தூரப் பாய்ந்து, பின்னரே நேராக விழும். சொட்டுச் சொட்டாகும் வரை கால் மணி நேரமேனும் பொறுத்திருக்க வேண்டும்.

ஃபில்டரில் இருவகை உண்டு. டப்பா போல் முழுவதுமாகத் திருகிக் கழற்றுவது ஒன்று. பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டரை மட்டும் மாற்றுவது மற்றொன்று. டப்பா வகையைக் கழற்றும்போது, பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். அதன்மேல் புதியதை மாட்டினால், எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஆயில் முழுவதும் பீறிட்டு வெளியேறிவிடும். புதிய வளையத்தில் சிறிது புது ஆயில் தடவி, கையாலேயே இறுக்கினால் போதும். காகித ஃபில்டராயின், மூடியின் ரப்பர் வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வடித்த போல்ட்டுக்குப் புதிய வாஷர் போட்டு, முதலில் விரலால் திருகி மரை சரியாக ஏறுகிறதா என்று பார்த்து, பிறகே ஸ்பேனரால் இறுக்க வேண்டும். டார்க் ஸ்பேனர் இருந்தால் கையேட்டிலுள்ள அளவுக்கு இறுக்கலாம். பலம் உள்ளதென்று முறுக்கினால் அலுமினியத் தொட்டியின் மரை அழிந்துவிடும். என் மருமகன் இன்னும் ஒரு முறுக்கு முறுக்க முயன்றபோது அவன் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

காரை இறக்கிச் சமமாக நிறுத்தி, கையேட்டில் கூறிய அளவுக்குச் சற்றுக் குறைவாக ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டோம். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையும் வரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாகாது. அணையாவிடில் உடனே நிறுத்திவிட வேண்டும். போல்ட்டிலும் ஃபில்டரிலும் கசிவில்லை என்று பார்த்து, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து அளவுக்கம்பியை உருவிப் பார்த்து, இரு குறிகளுக்கிடையே மேல்குறியைத் தாண்டாமல் நிரப்பினோம். மிகுதியாக ஊற்றினால் நன்மை என்று எண்ண வேண்டா. சுழலும் தண்டு அதனைக் கடைந்து நுரையாக்கிவிடும். பின்னொரு நாள் ஊற்றாமலேயே அளவு ஏறியிருக்கக் கண்டால், ஆயிலில் டீசல் கலக்கிறது என்று அறிந்து மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வேலை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. வடித்த கறுத்த எண்ணெய் நாலரை லிட்டர் பாத்திரத்தில் நின்றது. மருமகன் அதைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் நடந்தான். மதிலோரம் கரையான் புற்று இருக்கிறதாம். அதில் ஊற்றிவிட்டால் இரண்டு வேலையும் ஆகிவிடுமாம். அந்த மதிலுக்குப் பத்தடி தூரத்தில் கிணறு.

அதுவரை வாய் திறவாதிருந்த ராத்தா அப்போதுதான் பேசினார்கள். "வாப்பா, உன் பாட்டனார் அறுபது வருடம் இந்தத் தண்ணீரில்தான் ஒளு செய்தார்கள். பைப் தண்ணீர் வராத நாளில் தெருவே இங்கேதான் குடம் கொண்டு வருகிறது. அங்கே ஊற்றாதே."

வாசகர்களே, நான் விளக்கியதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். அன்று அவன் கற்ற பாடம் இதுவே. பயன்படுத்திய எண்ணெய் மண்ணில் மக்கி மறைவதில்லை. எஞ்சின் தேய்ந்த உலோகத் துகளும் எரிந்த நச்சும் அதில் உண்டு. ஒரு காரிலிருந்து ஒரு தடவை வடிக்கும் எண்ணெய், பத்து இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. நம் நாட்டுச் சட்டமும் இதனை அபாயகரமான கழிவுகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. பழைய எண்ணெயைத் திரும்பச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு வழிசெய்யும் பொறுப்பு, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் உற்பத்தியாளர்கள் மீதும் சுமத்தப்பட்டுள்ளது.

சொறி பிடித்த நாய்க்குக் கழிவு ஆயில் தடவும் வழக்கம் நம் ஊர்களில் இன்றும் உண்டு. நன்மை என்று எண்ணிச் செய்கிறார்கள். அந்த வாயற்ற ஜீவன் தன் உடலை நக்கி அந்த நஞ்சை உண்ணும். நம் தோலிலும் அது அடிக்கடி படுவது ஆகாது. ஆகவே கையுறை அணிவதும், பின்னர் சோப்புப் போட்டுக் கழுவுவதும் அவசியம்.

அப்படியானால் என்ன செய்வது? புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை ஊற்றி இறுக மூடி, மேலே 'பழைய எண்ணெய்' என்று எழுதி வைக்க வேண்டும். தண்ணீர், பானம் வந்த பாட்டில்களில் ஊற்றக் கூடாது. பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள். பழைய ஃபில்டரை ஓர் இரவு கவிழ்த்து வைத்து, முழுவதும் வடியவிட வேண்டும். பிறகு, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்குப் பழைய எண்ணெயை அனுப்பும் ஒர்க் ஷாப்பில் இரண்டையும் ஒப்படைக்க வேண்டும். எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்பதில் தவறில்லை. சுத்திகரித்தால் அதுவே மீண்டும் ஆயிலாகும்.

மருமகன் அவ்வாறே செய்தான். கேனை ஸ்கூட்டரில் வைத்து ஒர்க் ஷாப்புக்கு எடுத்துச் சென்று, அவர்களுடைய டிரம்மில் ஊற்றிவிட்டு வந்தான். வந்ததும் கிலோமீட்டர் கணக்கையும் தேதியையும் கார்க் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தான். ராத்தா கிணற்றில் ஒரு வாளி நீர் இறைத்துக் கொடுக்க, கையைக் கழுவி, ஒளுச் செய்துகொண்டு லுஹருக்குப் புறப்பட்டான்.

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் நன்மையாக எண்ணும் நாம், அண்டை வீட்டார் குடிக்கும் நீரில் நஞ்சைக் கலக்கலாமா? கார் நம்முடையது. ஆயில் நம் காசில் வாங்கியது. ஆனால் மண்ணுக்கடியில் ஓடும் நீர் நம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அது நம் கையில் உள்ள அமானிதம். வேலையைக் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதனையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம்.