லேனுக்குள் எந்தப் பக்கம்? டிரைவர் இல்லாத காருக்கும் இதே குழப்பம்தான்!

லாரியைக் கடக்கும்போது ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் லேசாக ஒடிப்பது, ஓட்டிப் பழகிய கை தானாகச் செய்யும் வேலை. ஆனால், டிரைவர் இல்லாமல் ஓடும் காருக்கு இதையும் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவில் ஒரு லேனின் அகலம் பொதுவாக 12 அடி. காரின் அகலம் சுமார் 6 அடி. நட்டநடுவில் ஓடினால் இருபக்கமும் 3 அடி மிஞ்சும். அதை யாருக்குக் கூட்டி, யாருக்குக் குறைப்பது? லேனுக்குள் காரை ஒரு பக்கமாக நகர்த்தி ஓட்டும் முறைக்கு கூகுள் 2014-லேயே காப்புரிமை பெற்றுவிட்டது.

ஓரம் ஒதுங்கியதால் வந்த வினை

2016 பிப்ரவரி 14. கலிஃபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரில் கூகுளின் சோதனைக் கார் ஒன்று வலப்புறம் திரும்பத் தயாரானது. (அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் செல்லும்.) நேராகப் போகிறவர்களுக்கு வழிவிட, அகலமான லேனின் வலது ஓரத்துக்கு ஒதுங்கியது. அங்கே மழைநீர் வடிகாலைச் சுற்றி மணல் மூட்டைகள்! நின்ற கார், சில வண்டிகள் போனதும் மெல்ல நடுவுக்குத் திரும்பியது. பின்னால் வந்த பஸ் வழிவிடும் என்பது அதன் கணக்கு. உள்ளே இருந்த சோதனை ஓட்டுநரும் அப்படித்தான் நினைத்தார். பஸ் நிற்கவில்லை. மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் நகர்ந்த கார், 24 கி.மீ. வேகத்தில் வந்த பஸ்ஸின் பக்கவாட்டில் மோதியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. தங்கள் மீதும் ஓரளவு பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்ட கூகுள், பெரிய வண்டிகள் வழிவிடுவது குறைவு என்பதை மென்பொருளில் சேர்த்தது.

சைக்கிளுக்கு எத்தனை அடி?

இடப்பக்கம் லாரி, வலப்பக்கம் கோட்டை ஒட்டியே ஒரு சைக்கிள். லாரிக்குப் பயந்து கார் 1 அடி விலகினால், சைக்கிள் பக்கம் மிஞ்சுவது 2 அடிதான். சைக்கிளைக் கடக்கும்போது குறைந்தது 3 அடி இடைவெளி வேண்டும் என்பது கலிஃபோர்னியாவில் 2014 முதல் சட்டம். காருக்குள் இருப்பவரின் பாதுகாப்புக்காக, வெறும் ஹெல்மெட்டோடு போகிறவரின் இடம் பறிபோகிறது.

இந்த மாதிரி நேரத்தில் கைகொடுப்பது பிரேக்தான். லாரி போகும்வரை சைக்கிளுக்குப் பின்னாலேயே நிதானமாக வந்தால், பிறகு தாராளமாக இடம்விட்டுக் கடக்கலாம். தானியங்கி கார் வாங்கப் போகிறவர்கள், 'எவ்வளவு வேகம் போகும்?' என்பதோடு, 'சைக்கிளைப் பார்த்தால் என்ன செய்யும்?' என்றும் கேட்பது நல்லது.